இலவசச் சேமிப்பு முடிந்தது: வீடு திரும்பும் தரவுகள்

வரம்பற்ற இலவசப் படச் சேமிப்பை 2021 ஜூன் 1-இல் கூகுள் நிறுத்தியது. மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் அனைத்துக்கும் சேர்த்து 15 ஜிபி மட்டுமே இலவசம். அது நிரம்பினால் புதிய மின்னஞ்சல்கூட வந்து சேராது. பல்லாண்டுப் படங்களை ஒப்படைத்தவர்களுக்கு மாதக் கட்டணம் ஏறக்குறைய வாடகைதான்.

மாற்றாக, நெக்ஸ்ட்கிளவுட், இம்மிச் போன்ற திறமூல மென்பொருள்களைப் பழைய கணினியில் நிறுவி, வீட்டிலேயே தரவுகளைச் சேமிப்போர் உள்ளனர். குடும்பப் பயன்பாட்டுக்காகத் தனிநபர் கையாளும் தரவுகளுக்கு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது.

தடை வேறிடத்தில் உள்ளது. இணையச் சேவை நிறுவனங்கள் பல, ஒரே பொது ஐபி முகவரியை வாடிக்கையாளர் பலருக்குப் பகிர்ந்தளிப்பதால், வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியை நேரடியாக அணுகுவது கடினம். நிலையான ஐபி முகவரிக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம். வன்தட்டு பழுதானால், வேறிடத்தில் இரண்டாம் பிரதி வைத்திராதவர் படங்களை இழக்க நேரிடும்.