ஏஜென்டின்ர லைசன்ஸ் எந்த மாகாணத்துது?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகளுக்கு நிற்கிறவர்களில் பாதிப் பேர் போனில்தான் இருப்பினம். மறுமுனை கனடா, பிரான்ஸ், சுவிஸ், லண்டன். காணி, கலியாணம், கோயில் திருவிழாக் காசு எல்லாம் வரிசையில் நின்றபடியே பேசி முடியுது. அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற சுப்பர் விசாவும், அதுக்கு வேண்டிய மருத்துவக் காப்புறுதியும் இப்படித்தான் முடியுது.

நாங்கள் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். அம்மா புங்குடுதீவில், மகன் மொன்றியலில், ஏஜென்ட் ஸ்காபரோவில். ஒரு வட்ஸ்அப் கோல். "அன்ரி, சீனி, பிரஷர் எல்லாம் கொன்ட்ரோல்தானே?" "ஓம் தம்பி, குளிசை போடுறன், பிரச்சினை இல்லை." கேள்விப் படிவம் அதோட முடிஞ்சுது. பொலிசி மின்னஞ்சலில் வந்தது. அம்மா பறக்க ஒரு மாதம் இருக்கேக்க, கிளினிக்கில் பிரஷர்க் குளிசையின் அளவைக் கூட்டிவிட்டார்கள். அதை யாருக்காவது சொல்ல வேணும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மொன்றியலில் மூன்றாம் மாதம் நெஞ்சு நோ, ஆஸ்பத்திரி, பெரிய பில். காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்தது. அதுக்குப் பிறகுதான் மகன் ஏஜென்டின் பெயரைக் கியூபெக் பதிவேட்டில் தேடினார். பெயர் இல்லை. அவரிடம் இருந்தது ஒன்ராறியோ லைசன்ஸ் மட்டும். பொலிசியை எடுத்துப் பார்த்தால், மகனின் விலாசம் என்று ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மா வீட்டு இலக்கம் போட்டிருக்கு.

ஏஜென்ட் கள்ளன் என்று சொல்ல வரேல்லை. அவரும் எங்கட ஊர்ப் பெடியன்தான். உதவி என்று நினைச்சுத்தான் செய்தார். ஆனா "எல்லாம் கனடாதானே, லைசன்ஸ் எந்த மாகாணத்துது எண்டு ஆர் பாக்கப் போறாங்கள்" என்ற பேச்சோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை.

இந்தக் கேள்வி எங்கட ஆக்களுக்கு ஏன் தோன்றுவதில்லை என்பதும் விளங்குது. இலங்கையில் மாகாணத்துக்கு ஒரு லைசன்ஸ் கிடையாது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கொழும்பில் இருக்கிற ஒரே ஆணைக்குழுதான் முழு நாட்டுக்கும். கொழும்பு ஏஜென்ட் நெடுந்தீவில் இருக்கிறவருக்குப் பொலிசி விற்கலாம். இந்தியாவிலும் அப்படித்தான். கனடாவோ வேறு மாதிரி. அங்கே சட்டம் கேட்பது, வாங்குகிறவர் எந்த மாகாணத்தில் இருக்கிறார் என்பதை. ஏஜென்ட் ஸ்காபரோவில் கதிரையை விட்டு எழும்பாமலே விற்கலாம். ஆனால் வாங்குகிறவர் மொன்றியலில் என்றால் கியூபெக்கின் அனுமதியும் வேணும்.

இது நேற்று வந்த விதியும் இல்லை. ஒன்ராறியோவில் பார்சன்ஸ் என்ற வியாபாரியின் கடை எரிந்தது. காப்புறுதி நிறுவனம் காசு தர மறுத்தது. வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1881இல் தீர்ப்பு வந்தது: காப்புறுதி ஒப்பந்தங்களுக்கு விதி வைப்பது மாகாணத்தின் உரிமை. அமெரிக்காவில் அதுக்கும் முந்தி, 1869இல், வேர்ஜீனியாவில் லைசன்ஸ் இல்லாமல் நியூயோர்க் நிறுவனங்களின் பொலிசியை விற்ற போல் என்ற ஏஜென்டின் வழக்கில் அங்கத்தைய உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. தபால் வண்டிக் காலத்துச் சண்டைதான் இப்ப வட்ஸ்அப்பில் தொடருது.

சரி, அந்தக் கடதாசியால் மகனுக்கு என்ன லாபம்? முதலாவது, ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் ஏஜென்டின் பெயரை இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். காசு கட்ட முதல் இரண்டு நிமிச வேலை. கியூபெக்கில் பதிவு செய்தவர் மோசடி செய்து காசைச் சுருட்டினால், 200,000 டொலர் வரை இழப்பீடு தருகிற நிதியம் ஒன்றும் இருக்கு. (எங்கட கதையில் மோசடி இல்லை, அதனால் அந்த நிதியம் உதவியிருக்காது, அதையும் சொல்லத்தான் வேணும்.) இன்னொன்று, ஏஜென்ட் பிழையான ஆலோசனை சொன்னால் ஈடு செய்யவென்று அவரே ஒரு காப்புறுதி வைத்திருக்க வேணும். லைசன்ஸ் இல்லாத மாகாணத்தில், பொய் விலாசத்தில் செய்த வியாபாரத்துக்கு அது கை கொடுக்கும் என்று நம்பி இருக்கேலாது. பெரியம்மா வீட்டு இலக்கம் இங்கேதான் கழுத்தை அறுக்குது. முறைப்பாடு சொல்லப் போகிற இடத்தில் முதல் கேள்வியே "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்" என்பதுதான்.

அதே நேரம், தூரத்தில் இருந்து விற்கிறதை நிற்பாட்டச் சொல்லி நாங்கள் கேட்கேல்லை. வின்னிபெக்கில் இருக்கிற பிள்ளைக்குத் தமிழில் விளங்கப்படுத்தக்கூடிய ஏஜென்ட் அனேகமாக ரொறன்ரோவில்தான் கிடைப்பார். பரீட்சையும் 2016இல் இருந்து கியூபெக் உட்பட எல்லா மாகாணத்துக்கும் ஒரே அமைப்புத்தான். கியூபெக்கின் சிவில் சட்டம் வேறு என்பதால் ஒழுக்கமும் சட்டமும் பற்றிய பகுதி மட்டும் அங்கே வேறு. அந்த ஒரு பகுதியைப் படித்து எழுதி, கட்டணம் கட்டி, மொன்றியல் ஆக்களுக்கு நேர்மையாக விற்கலாம். ஏஜென்டுமாரே, அது பெரியம்மாவின் விலாசத்தைக் கடன் வாங்குகிறதை விடச் சுகம்.

எங்களுக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. விதி முழுக்க வாங்குகிறவரைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கு. உண்மையில் வருத்தம் இருப்பதோ, அதைச் சொல்ல வேண்டியதோ புங்குடுதீவில் இருக்கிற அம்மா. சுப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 டொலருக்கு, ஒரு வருசத்துக்குக் காப்புறுதி வேணும். ஆனால் அந்த 100,000 எல்லா நோய்க்கும் கிடைக்காது. பல பொலிசிகளில் ஏற்கெனவே இருக்கிற வருத்தம் குறிப்பிட்ட நாட்கள், 90 அல்லது 180 என்று வைப்போம், மாற்றம் இல்லாமல் இருந்திருக்க வேணும். புதுக் குளிசை, கூட்டிய அளவு, சிலதில் குறைச்ச அளவு கூட மாற்றம்தான். நாட்களை எண்ணுவது பொலிசி வாங்கின நாளில் இருந்து இல்லை, காப்புறுதி தொடங்குகிற நாளில் இருந்து பின்னோக்கி. வாங்கினதுக்கும் பறக்கிறதுக்கும் இடையில் வருகிற ஒரு கிளினிக் எல்லாத்தையும் மாற்றிவிடும்.

"கொன்ட்ரோல்தானே" என்ற கேள்வி இதில் எதையும் பிடிக்காது. எங்கட அம்மாமாருக்குக் குளிசை கூட்டினதே கொன்ட்ரோலுக்குக் கொண்டு வரத்தான். அவர்கள் ஓம் என்றது பொய்யும் இல்லை.

எனவே லைசன்ஸ் விதியோட இன்னொரு விதியும் சேர வேணும் என்கிறோம். காப்புறுதி யாருக்கோ அவரிடமே, அவருக்கு விளங்குகிற மொழியில் முழுப் படிவத்தையும் வாசித்துக் கேட்டு, அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைக்கட்டும். பறக்க ஒரு கிழமை முதல் "மருந்து மாறினதோ?" என்று ஒரு முறை திருப்பிக் கேட்கட்டும். தூரத்தில் இருந்து விற்க வசதி தந்த அதே போன் இதுக்கும் போதும்.

அது வரும் வரைக்கும் வேலை எங்கட தலையில். ஊரில் விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறது பெரும்பாலும் எங்களைப் போல பிள்ளைகள்தான். அடுத்த முறை அப்படி ஒரு கோல் வந்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கோ. கிளினிக் கொப்பியை மடியில் விரிச்சு வைத்து, கடைசி ஆறு மாதப் பக்கங்களை ஏஜென்டுக்குப் படம் எடுத்து அனுப்புங்கோ. மகனின் உண்மையான விலாசம்தான் போடுகினமோ என்று பாருங்கோ. பிறகு, கூச்சப்படாமல், அண்ணை, உங்கட லைசன்ஸ் எந்த மாகாணத்துது என்று கேளுங்கோ.