கதையும் உபதேசமும்

2023-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11-ஆம் நாள் வெளிவந்த ‘துணிவு’ என்னும் திரைப்படத்தை எம் கலாசாலை மாணவரிற் காணாதார் மிகச் சிலரே. ஹெச். வினோத் அவர்கள் இயக்க, அஜித் குமார் அவர்கள் நடித்த அப்படம் சென்னை நகரத்து வங்கியொன்றில் நிகழும் கொள்ளையைப் பற்றியது. துப்பாக்கியேந்திப் புகுந்தவன் கள்வன் என்று நாம் எண்ணியிருக்க, குடிகளின் பணத்தை விழுங்கிய பெருங்கள்வன் வங்கியே என்பது பின்னர் வெளியாகின்றது. கருத்து நன்று. அதனைக் கூறிய முறையும் நன்றோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இப்பொருள் எம்மூர்க்குப் புறம்பானதன்று. பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் விற்றுப் பெற்ற தொகையை உழவர் வங்கியில் இடுகின்றனர். அருகேயுள்ள நெய்வேலியிலோ, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஆயுளெல்லாம் உழைத்தவர் ஓய்வு பெறும் நாளில் ஒரு பெருந்தொகையை ஒருங்கே பெறுகின்றனர். இவர்தம் மக்களன்றோ எம்முடன் பயில்வோர்! நிரந்தர வைப்பில் இடவந்த முதியவரை, “இதனினும் மிக்க வட்டி கிடைக்கும்” என்று கூறிப் பரஸ்பர நிதியிலோ காப்புறுதியிலோ சேர்ப்பித்தல் பல இடங்களில் நிகழ்வதே. இம்மாதத்திற்குள் இத்துணைப் பேரைச் சேர்த்தல் வேண்டும் என்னும் மேலிடத்துக் கட்டளை, எதிரே அமர்ந்த ஊழியரையும் நெருக்குகின்றது.

மெய்யாய் நிகழ்ந்த ஒன்றையும் காட்டுவோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் யெஸ் வங்கி நெருக்கடியுற்றபோது, அதன் ஒருவகைக் கடன் பத்திரங்கள் 8,415 கோடி ரூபாய் அளவிற்கு மதிப்பற்றவையாக ஆக்கப்பட்டன. அவற்றைத் தனி மனிதர்க்கு விற்ற முறை தவறானதென்று செபி நிறுவனம் 2021-இல் அவ்வங்கிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வங்கி மேல்முறையீடு செய்தது. ஆதலின் படம் எடுத்துக்கொண்ட பொருள் வெறுங் கற்பனையன்று.

இத்துணை மெய்யான பொருள் கொட்டகையில் எங்ஙனம் சென்று சேர்ந்தது? துப்பாக்கி வெடிக்குங்கால் சீழ்க்கையொலி வானைப் பிளந்தது. கதையை நிறுத்திவைத்து நிதியையும் கடனட்டையையும் பற்றிய பிரசங்கம் தொடங்கியதும், எமக்கு முன் வரிசையிலிருந்த இளைஞர் தேநீருக்கு எழுந்து போயினர். அறிந்தே தீரவேண்டிய செய்தி வந்த வேளையில் கேட்க வேண்டியவர் வெளியே நின்றனர். இது அவர் குற்றம் மட்டுமன்று. வகுப்பறையிற் கேட்டு அலுத்த குரலையே கொட்டகையிலும் கேட்க நேர்ந்தால் எவரே எழாதார்?

“பாமர மக்களுக்கு உடைத்துச் சொன்னாலன்றி விளங்காது, தமிழ்ப் படங்கள் தொன்றுதொட்டு நீதி புகட்டியே வந்தன” என்பர் சிலர். 1952-இல் வந்த ‘பராசக்தி’யில் நீதிமன்றக் காட்சி நெடிய பிரசங்கமே என்பதை யாமும் மறுக்கவில்லை. ஆயின் அங்கே பேசுவோன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன். தன் செயலுக்கு விடை கூறியாக வேண்டியவன். அப்பேச்சே அக்கதையின் நிகழ்ச்சி. ‘துணிவு’ப் படத்திலோ பேச்சுக்காகக் கதை காத்து நிற்கின்றது.

இவ்வியக்குநரே இதனினும் சிறக்கச் செய்யவல்லவர். 2014-இல் அவர் அளித்த ‘சதுரங்க வேட்டை’யில், மண்ணுளிப் பாம்பிற்குப் பெருவிலை உண்டென நம்பவைப்பதும், ஆள்சேர்க்கும் வணிகத்தால் கூட்டத்தை மயக்குவதும் நம் கண்முன்னே படிப்படியாய் நிகழ்ந்தன. வஞ்சகனின் திறமையை வியந்த நாமே, “அங்கிருந்தால் யாமும் ஏமாந்திருப்போம்” என்று நாணினோம். அந்நாணத்தினும் சிறந்த உபதேசம் யாதுளது? 1975-இல் அமெரிக்காவில் சிட்னி லூமெட் எடுத்த ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ என்னும் வங்கிக் கொள்ளைப் படத்திலும், நான்காண்டுகட்கு முன் கைதிகள் கிளர்ந்தெழுந்து பலர் மாண்ட ஒரு சிறையின் பெயரைக் கொள்ளையன் தெருவில் நின்று கூவுகின்றான். அப்பெயர் ஒன்றே போதும். திரண்ட கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது.

உரத்த உபதேசத்தில் மற்றொரு தீங்கும் உண்டு. கொடியவன் தண்டனை பெற்றதும் நம் மனம் ஆறிவிடுகின்றது. தீமை ஒழிந்தது போல வீடு திரும்புகின்றோம். மறுநாள் வங்கி மேசையின் மேல் நீட்டப்படும் தாளிலோ, நுண்ணெழுத்துக்களைப் படியாமலே கையொப்பமிடுகின்றோம். அக்கையொப்பமிடும் கணத்தை ஓர் இயக்குநர் நம் நெஞ்சம் பதறுமாறு காட்டுவாராயின், நூறு பிரசங்கம் ஆற்றாததை அஃது ஆற்றும்.

கற்ற மாணவர்க்கும் இதிற் கடமையுண்டு. தந்தையார் கையொப்பமிடுமுன் அத்தாளை வாங்கி ஒருமுறை படித்துப் பொருள் கூறுதல் நம்மால் இயலாததன்று. கலைஞர்க்கோ யாம் வேண்டுவது ஒன்றே: நீதியை விலக்கற்க, கதையினுள்ளே கனியவிடுக. பழுத்த பலா வீட்டிலிருப்பதை மணமே தெருவிற்கு அறிவிக்கும். வாயிலில் நின்று கூவ வேண்டுவதில்லை என்பதைப் பண்ருட்டியார்க்கு எவரும் சொல்லித் தரவேண்டுமோ?