ஐந்து மணி நேரக் கொழும்பு

கப்பலேறி உலகைச் சுற்றி வருவோருக்கு ஒரு துறைமுக நகரம் என்பது ஒரு பகற்பொழுதுதான். காலையில் கப்பல் கரையணையும். மாலையில் சங்கு ஊதும். இடையே கிடைக்கும் ஐந்தாறு மணி நேரத்துக்குள் அந்நகரத்தைக் கண்டுவிட்டதாக அவர்கள் நாட்குறிப்பில் எழுதிக்கொள்வர். “ஒரே பகலில் எதைத்தான் பார்த்துவிட முடியும்?” என்று டிக்கோயாவிலிருந்து ஒரு மாணவர் நமக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். கேள்வி எளியதாகத் தோன்றினும் விடை அத்துணை எளிதன்று. காண்பது எவ்வளவு என்பது கையிலுள்ள நேரத்தை மட்டும் பொறுத்ததன்று. வண்டியில் போகிறோமா, காலால் நடக்கிறோமா என்பதையும் பொறுத்தது.

ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாத் துறையில் இறங்குவோரை 1888இல் எழுப்பப்பெற்ற கொலம்பஸின் உயர்ந்த தூண் வரவேற்கிறது. அதனைக் கடந்தவுடன் ரம்பிளா என்னும் நிழல் வீதி தொடங்கும். அதன் வழியே நடந்தால் பெரிய சந்தையும், பழைய நகரின் குறுந்தெருக்களும் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்படும். நடப்பவருக்கென்றே அமைந்த நகரம் போலும்! ஆயினும், கப்பல்கள் கொண்டுவந்து இறக்கும் கூட்டம் அளவு கடந்துவிட்டதென்று அந்நகரத்தார் அண்மைக் காலமாக மனம் கசந்து வீதியிலிறங்கிக் குரலெழுப்புகின்றனர். வந்தவர் பார்த்துவிட்டுப் போகிறார். பார்க்கப்பட்டவருக்கு என்ன மிஞ்சுகிறது? இதுவே அவர்தம் வினா. நம் கொழும்பைப் பற்றியும் இவ்வினாவைக் கேட்கலாம்.

கப்பற் பிரயாணிகளை வரவேற்பதில் கொழும்பு பழம்பெரும் அனுபவசாலி. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர், ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் நிலக்கரிக்கும் நீருக்குமாக இங்கே தங்கின. கப்பல் துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட்டு நிற்க, பிரயாணிகள் படகில் வந்து இறங்குதுறையில் ஏறுவர். 1896 ஜனவரியில் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன். வீதியிற் கண்ட மக்களின் உடை வண்ணங்கள் அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டன. அந்த வண்ண வெள்ளத்தின் நடுவே மிஷன் பாடசாலைச் சிறுமியர் சிலர் ஐரோப்பிய உடை தரித்து வரிசையாக வந்தனராம். காட்சி கெட்டதே என்று வருந்தியவர், தம் உடையைக் குனிந்து நோக்கித் தாமும் வெட்கினார். 1897இல் வெளிவந்த தம் பிரயாண நூலில் இதனை எழுதியிருக்கிறார்.

அவருக்கு முன்னர், 1890 நவம்பரில் வந்தவர் ருஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ். அவர் வந்தது சகலின் தீவிலிருந்து. ருஷ்யப் பேரரசு கைதிகளை நாடு கடத்திவைத்த தீவு அது. அங்கே ஏறத்தாழ மூன்று மாத காலம் வீடு வீடாக நடந்து, சுமார் பத்தாயிரம் பேரின் விபரங்களைத் தனித்தனி அட்டைகளில் பதிந்தவர் அவர். அந்த நரகத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்தபோது, சொர்க்கத்தையே கண்டதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். சொர்க்கத்தில் அவர் செய்த நெடும்பயணம் கண்டிக்குப் புகையிரதத்தில். அக்காலத்தில் மலைநாட்டு லயங்களில் வாழ்ந்தோரின் நிலை யாதென்பதை நம் பாட்டன்மார் வாய்வழியே நாம் அறிவோம். செக்கோவைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மூன்று மாதம் நடந்தவனுக்குத் தெரிந்தது, சில நாள் தங்கிப் புகையிரத ஜன்னலூடே பார்த்தவனுக்குத் தெரிய நியாயமில்லை. பெரிய எழுத்தாளன் கண்ணும் காலின் துணையின்றிக் குறைபட்டுத்தான் போகும்.

நிற்க. இனிக் கப்பலில் வந்தவரோடு நாமும் இறங்கி நடப்போம். துறைமுக வாயிலிலிருந்து கொச்சிக்கடை வரை, சுற்றுவழியைச் சேர்க்காமல் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். கண்டிக்குப் புறப்பட்டால் பாதிப் பொழுது வண்டியிலேயே கழியும். இதற்கோ ஒரு சோடி செருப்பும் ஒரு போத்தல் தண்ணீரும் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது நகரத்தையன்று, கப்பல் நின்ற இடத்தை. கொழும்புக்கு இயற்கை அளித்த துறைமுகம் திறந்த கடலே. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில் அலை நேரே வந்து மோதும். அதனாலேயே முற்காலத்துத் தபாற் கப்பல்கள் காலியை நாடின. 1875 டிசம்பரில், பிற்காலத்தில் ஏழாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர், அலையைத் தடுக்கும் கற்சுவருக்கு அடிக்கல் நாட்டினார். இங்கே நம் மாணவர்கள் மூன்று ஆண்டுகளை மனத்திலிருத்த வேண்டும். 1883 யூலை 30ஆந் திகதி கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடைபெற்றது. 1884இல் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியது. 1885இல் அலைத்தடுப்புச் சுவர் நிறைவுற்றது. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள்! 1869 முதல் இலைநோய் கோப்பிச் செடியை அரித்துத் தின்ன, கோப்பிக்காகக் காடழித்துத் திறந்த டிக்கோயாச் சரிவுகள் தேயிலைக்கு மாறிய காலமும் அதுவே. கோப்பி மிகுந்த நாளில் தொடங்கிய சுவர் தேயிலை வளரும் நாளில் முடிந்தது. நம் பாடநூல்களோ துறைமுகத்தை ஓர் அத்தியாயத்திலும் தோட்டங்களை வேறோர் அத்தியாயத்திலும் வைக்கின்றன. இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமற் போய்விடுகிறது. ஹட்டன் நிலையத்தில் ஏற்றிய பெட்டி இச்சுவரின் மறைவில் நின்ற கப்பலில் இறங்கியது. கொழுந்து பறித்த கை அக்கப்பலைக் கண்டதில்லை. கப்பலிலிருந்து இறங்கியவர் அக்கையைக் கண்டதில்லை.

வாயிலைக் கடந்ததும் எதிரே நிற்பது 1875இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல். செக்கோவ் தங்கியது இங்கேதான். யோர்க் வீதியில் 1906ஆம் ஆண்டின் செங்கற் கட்டடமான கார்கில்ஸ் மாளிகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சதாம் வீதி வழியே மேற்கே திரும்பினால் மணிக்கூண்டு. இதன் கதை சுவையானது. 1857இல் வெறும் மணிக்கூண்டாக எழுந்த இதனை வடிவமைத்தவர் ஆளுநர் சேர் ஹென்றி வோர்டின் மனைவியார் எமிலி எலிசபெத் வோர்ட். பத்தாண்டுக்குப் பின் அதன் உச்சியில் விளக்கேற்றி, அதனையே கலங்கரை விளக்கமும் ஆக்கினர். பின்னர் சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்தன. ஒளி கடலுக்குத் தெரியாது போயிற்று. 1952இல் விளக்கு அணைக்கப்பட்டு, கடலோரத்தில் வேறொன்று எழுந்தது. கப்பலுக்கு வழிகாட்டிச் செழித்த ஊர், அச்செழிப்பாலேயே தன் விளக்கை மறைத்துக்கொண்டது!

நேரமிருப்பின் தெற்கே காலிமுகத்திடலுக்குப் போகலாம். அக்கடலோர நடைபாதையைச் சமைத்தவர் மேற்சொன்ன அம்மையாரின் கணவரே. கொழும்பின் மாதரும் சிறாரும் பயன்பெற அதனைப் பேணுமாறு, தமக்குப் பின்வரும் ஆளுநர்களை வேண்டி 1859இல் கல்லிற் பொறித்து வைத்தார். வடபுறத்தில், முன்பு கடலாக இருந்த இடத்தில், 269 ஹெக்டேயர் புதுநிலம் துறைமுக நகரமென்ற பெயரோடு விரிந்து கிடக்கிறது. அங்கே நடப்பதற்கு இன்னும் பழைமை ஏறவில்லை.

கோட்டையை விட்டுக் கிழக்கே புறக்கோட்டைக்குள் நுழைந்தால் நகரத்தின் குரல் மாறிவிடும். கான் மணிக்கூட்டுக் கோபுரம் பார்சிக் குடும்பமொன்று 1923இல் அளித்தது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாய் நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் 1908இல் தொடங்கி மறுவருடம் முடிந்தது. முறையான பயிற்சி பெறாத ஒருவரே அதனை வடிவமைத்தார் என்றால் நம்புவதற்குக் கடினமாக இருக்கும். அந்நாளில் கடலில் வரும் மாலுமிகள் அதன் குவிமாடங்களைக் கண்டே கொழும்பு நெருங்கியதை அறிந்தனராம். நாட்டாமிகள் சுமை வண்டியைத் தள்ளிக்கொண்டு “பாரம்! பாரம்!” எனக் கூவி வருவர், ஒதுங்கி வழிவிடுவதே அறிவுடைமை.

ஒதுங்கிய இடத்தில் பெரும்பாலும் ஒரு தேநீர்க்கடை இருக்கும். கப்பற் பிரயாணி அங்கே அமர்ந்து ஒரு பிளேன் டீ அருந்துவாராயின், நாம் அவருக்கு ஒரே ஒரு யோசனை சொல்வோம்: கோப்பையைக் கொண்டுவரும் இளைஞனிடம் ஊர் எதுவென்று கேளுங்கள். ஹட்டன் என்பான், பொகவந்தலாவை என்பான், மஸ்கெலியா என்பான். புறக்கோட்டையின் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் மலைநாட்டுப் பிள்ளைகளின் உழைப்பில் நடப்பது ஊரறிந்த செய்தி. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வந்தவர்களும் அவர்களுள் இருப்பர். உலகிற்குத் தேயிலை அனுப்பிய மலையிலிருந்து வந்தவன், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், அத்தேயிலையைக் கலக்கிக் கொடுக்கிறான். இதனைக் காட்ட எந்தப் பிரயாண வழிகாட்டியும் சீட்டு விற்பதில்லை.

அங்கிருந்து செட்டியார் தெரு அதிக தூரமன்று. நகைக்கடைகளின் ஒளிக்கு நடுவே கதிரேசன் கோயில்கள் நிற்கின்றன. ஆடிவேல் விழாவின் ஊர்வலம் இங்கிருந்தே புறப்படும். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கொடுத்த கடனில் அன்று பல தோட்டங்கள் உயிர்வாழ்ந்தன. 1983 யூலையில் புறக்கோட்டையின் தமிழ்க் கடைகள் எரிந்ததையும் இத்தெரு கண்டது. இன்று கண்ணாடிப் பேழைகள் மின்னுகின்றன. பழைய கடைக்காரர் எவரேனும் வாய் திறந்தாலன்றி வழிப்போக்கருக்கு எதுவும் தெரியாது.

இன்னும் வடக்கே நடந்தால் கொச்சிக்கடை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுதும் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தினுள்ளே, வெளியில் எத்துணை வெயிலாயினும் குளிர்ந்த இருள் நிற்கும். அருகே புனித அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமைகளில் எம்மதத்தாரும் மெழுகுதிரியோடு வந்து வணங்கும் இடம். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்து வழிபட்டுக்கொண்டிருந்தோர் பலரைக் கொன்றதும் இங்கேதான். கப்பலில் வந்தவர் இங்கே படம் பிடிக்கு முன் சற்று நேரம் சும்மா நிற்பாராக.

இவ்வழி பிறதேசத்தாருக்கு மட்டும் உரியதன்று. பாடசாலைச் சுற்றுலாவாகக் கொழும்புக்கு வரும் நம் மலைநாட்டுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் மிருகக்காட்சிசாலைக்கும் நூதனசாலைக்கும் அழைத்துச் சென்று மாலையில் திருப்பிவிடுகின்றனர். ஆசிரியர்கள் அருள்கூர்ந்து ஒருமுறை கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கி, மேற்கூறிய வழியைத் தலைகீழாகப் பிடித்து, கொச்சிக்கடையில் தொடங்கித் துறைமுக வாயிலில் முடிப்பாராக. வாயிலுக்குள் அனுமதியின்றிப் போக இயலாது. எனினும் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலின் மேல்மாடி ஜன்னல்களிலிருந்து துறைமுகம் விரிந்து தெரியும். பாரந்தூக்கிகள் பெட்டிகளை ஒவ்வொன்றாக உயர்த்திக் கப்பலில் அடுக்குவதை அங்கிருந்து காணலாம். எந்தப் பெட்டியில் தேயிலை இருக்கிறதென்று வெளியே எழுதியிருக்காது. பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள்.