வானத்துக்கும் வேலி உண்டு!

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். பள்ளிக்கூடத்திலிருந்து டிப்ளமோ வரை நம்மை விடாமல் துரத்தும் கணக்கு இது. ரயில் கணக்கு, படகுக் கணக்கு எல்லாம் போட்டாச்சு. ஒரு விமானக் கணக்கு போடுவோமா நண்பர்களே?

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் இரண்டுக்கும் நடுவே சுமார் 7,800 கிலோமீட்டர். நூலின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல்தான் கிடக்கும். 2022 தொடக்கம் வரை பின்லாந்தின் பின்னேர் விமானங்கள் அந்த வழியே சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 820 கிலோமீட்டர். கணக்கு சரி!

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. மார்ச்சில் பின்னேர் மறுபடி டோக்கியோ கிளம்பியபோது வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்கா பக்கமாகத் திரும்பி, சுற்றிக்கொண்டு போனது. சுமார் 13 மணி நேரம். அதே 7,800-ஐ 13-ஆல் வகுத்தால் மணிக்கு 600தான். விமானத்துக்கு வயசாயிடுச்சா என்ன? துருவம் தாண்டிய பயணிகளுக்கு சர்டிபிகேட் வேறு கொடுத்தார்கள். சந்தோஷம்! கூடுதலாக எரிந்த எண்ணெய்க்கு யார் சர்டிபிகேட் கொடுப்பது?

பழைய கதை இதைவிட வேடிக்கை. 1983-இல் பின்னேரின் டிசி-10 விமானம் முதன்முதலாக ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு எங்கும் நிற்காமல் பறந்தது. அப்போதும் சோவியத் வானில் வழி கிடையாது. துருவம் சுற்றித்தான் போனது. அதற்கும் சுமார் 13 மணி நேரம்! நடுவில் 39 வருஷம் ஓடிப்போச்சு. மூன்று இன்ஜின் போய் இரண்டு இன்ஜின் வந்தது, அலுமினிய உடம்பு போய் கார்பன் இழை வந்தது... நேரம் மட்டும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"டெக்னாலஜி உலகத்தைச் சுருக்கிடுச்சு" என்று நம் கேன்டீனில் அடிக்கடி காதில் விழுகிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். (நீ விமானம் ஏறியிருக்கியா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் யாருமே ஏறியதில்லை. வகுத்தல் போட டிக்கெட் எதற்கு?) இன்ஜினியர்கள் பாடுபட்டுச் சுருக்கியதை ஒரே ஒரு கையெழுத்து மறுபடி நீட்டிவிடுகிறது. 1944-இல் உருவான சிகாகோ உடன்படிக்கையின் முதல் விதியே, தன் நிலத்துக்கு மேலுள்ள வானம் அந்தந்த நாட்டுக்கே முழுச் சொந்தம் என்பதுதான். அதனால்தான் 2022-க்குப் பிறகும் சீன விமானங்கள் ரஷ்யா மேலேயே ஐரோப்பாவுக்குப் பறந்தன; பின்னேர் சுற்றியது. எந்த நாட்டு விமானம் என்பதுதான் கேள்வி, எந்த இன்ஜின் என்பதல்ல.

இன்ஜினைப் பற்றி நமக்குப் பேப்பர் மேல் பேப்பர். இந்த உடன்படிக்கை பற்றி ஒரு வரி கிடையாது. கேட்டால், "அதெல்லாம் அரசியல், உனக்கு எதுக்குப்பா?" என்கிறார்கள். ஹெல்சிங்கியில் பெட்டியோடு நிற்பவருக்கு அந்த அரசியல் மூன்றரை மணி நேரம் சார்! பாடத்திட்டத்தில் ஒரே ஒரு அலகாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

அதுவரை, நம் லைப்ரரியில் ஒரு குளோப் தூசி படிந்து கிடக்கிறது. ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். சுவரில் மாட்டிய மேப்பில் மட்டும் அளக்காதீர்கள், ஏமாந்து போவீர்கள்.