உறைக்குள் கிடந்த நீதி

ஆங்கிலேயர் ஆட்சியைப் பற்றி நம்மவர் உள்ளத்தில் ஒரு மயக்கம் நெடுநாளாகக் குடிகொண்டிருக்கிறது. கொடுமை புரிந்தவர்கள் இந்தியாவிலிருந்த கீழ்நிலை அதிகாரிகள். இலண்டனில் வீற்றிருந்த மேலோரோ நீதிமான்கள் என்பதே அம்மயக்கம். இதற்குச் சான்றாகக் கடிதம் ஒன்றையும் எடுத்துக் காட்டுவர். வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது, இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த ஜான் மார்லி மனம் பதைத்து, இதனை ஏற்க இயலாது என்று வைசிராய் மின்டோவுக்கு எழுதினார் அல்லரோ? இதனினும் சிறந்த நேர்மை உண்டோ? இவ்வாறு ஆசிரியப் பெருமக்கள் சிலரே வினவக் கேட்டிருக்கிறேன். மாணவர்தம் பேச்சுப் போட்டி உரைகளிலும் இவ்வாதம் புகுந்துவிட்டது.

அக்கடிதம் உண்மை. அது நற்சான்று என்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

மார்லியும் மின்டோவும் 1905ஆம் ஆண்டின் இறுதியில் பதவியேற்று, 1910ஆம் ஆண்டு நவம்பரில் ஏறத்தாழ ஒன்றாகவே விலகியவர்கள். முன்னவர் நூலாசிரியர், கிளாட்ஸ்டனின் வரலாற்றை எழுதியவர், அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்று வாதாடியவர். பின்னவர் படைத்துறையில் பயின்றவர். கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து இந்தியாவுக்கு வந்தவர். இவ்விருவரும் அவ்வைந்தாண்டுக் காலமும் ஏறக்குறைய வாரந்தோறும் ஒருவருக்கொருவர் தனிக்கடிதம் எழுதிக்கொண்டனர். ஏறத்தாழ 30 கோடி மக்களின் தலைவிதி அக்கடிதங்களிலேதான் பேசி முடிக்கப்பட்டது.

நம் பள்ளிகளில் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது, உறவுக் கடிதம் வேறு, அலுவல் கடிதம் வேறு என்று முதலிலேயே பிரித்துக் காட்டுகிறோம். நலம் உசாவுதல் முன்னதற்கு உரியது. ஆணையும் கோரிக்கையும் பின்னதற்கு உரியன. பன்னிரண்டு வயதுச் சிறுவனும் அறிந்த இவ்வேறுபாட்டை அவ்விரு பெருமக்களும் அறியாதவர் அல்லர். அலுவல் முறைக் கடிதமாயின் அது இலண்டனிலிருந்த இந்தியா கவுன்சிலின் பார்வைக்குப் பெரும்பாலும் வந்தாக வேண்டும். கல்கத்தாவில் வைசிராயின் நிருவாகக் குழுவினர் காண்பர். நாடாளுமன்றம் கேட்டால் அச்சிட்டு வைக்கவும் நேரும். தனிக்கடிதத்துக்கு இத்தொல்லைகள் ஒன்றும் இல்லை. பதவியிலிருந்து இறங்குவோர் அதனைத் தம் சொந்தப் பொருளாகப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

இது நான் புதிதாகச் சாட்டும் குற்றம் அன்று. முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவில் இந்தியப் படைகள் பட்ட பேரழிவை ஆராய்ந்த ஆங்கிலேயரின் விசாரணைக் குழுவே, அலுவல் தந்திகளின் இடத்தைத் தனித் தந்திகள் கவர்ந்துகொண்ட வழக்கத்தை 1917இல் கண்டித்தது. தம் படை தோற்ற பிறகுதான் அவர்களுக்கு அது குற்றமாகத் தென்பட்டது என்பது வேறு செய்தி.

இனிச் சிதம்பரனார் செய்திக்கு வருவோம். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர் அவர். 1908 மார்ச்சு 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனையும், சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். செய்தி அறிந்த மார்லி சினந்தார். இத்தண்டனைகளுக்கு நியாயம் கற்பிக்க எவராலும் இயலாது, இவற்றுக்காக வாதாடத் தாம் ஒருபோதும் இசையப் போவதில்லை என்று எழுதினார். அளவு மீறிய கடுமை வெடிகுண்டுக்கே வழிவகுக்கும் என்றும் எச்சரித்தார். நல்ல சொற்கள்தாம். அவர் நெஞ்சறிந்து பொய் எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் நிகழ்ந்தது என்ன? மேல்முறையீட்டின் பேரில் சென்னை உயர்நீதிமன்றம் 1908 நவம்பரில் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. ஆயுள் தண்டனை தகாது என்றால் ஆறாண்டு தகுமோ? தண்டனையைக் குறைக்கவும் அறவே நீக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. அதனைச் செலுத்துக என்று வைசிராய்க்கு ஆணையிடும் நிலையில் இருந்தவரும் மார்லியே. அவர் 1910 நவம்பரில் அப்பதவியை விட்டு விலகினார். அன்றும் சிதம்பரனார் சிறையில் இருந்தார். கோவைச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் துன்புற்று, 1912 டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி கலைந்து போயிற்று. வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமையும் பறிபோயிற்று. இத்தனைக்கும் நடுவே அந்தப் புகழ்பெற்ற கடிதம் எங்கே இருந்தது? உறைக்குள் இருந்தது. உலகத்தார் அதனைக் கண்டது 1917இல், மார்லி தம் நினைவுக் குறிப்புகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோதுதான்.

உறைக்குள் இரக்கம் எழுதிய அதே கை வெளியே என்ன செய்தது என்பதையும் நோக்குக. 1907 மே மாதம் லாலா லஜபதி ராயும் அஜீத் சிங்கும் 1818ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்றைக் கொண்டு, விசாரணையே இன்றி மாண்டலேக்கு நாடு கடத்தப்பட்டனர். நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அதற்கு நியாயம் உரைத்தவர் மார்லி. 1908 ஜூன் மாதத்தில் செய்தித்தாள்களை ஒடுக்கும் சட்டம் வந்தது, அவர் அமைச்சர். அவ்வாண்டு டிசம்பரில் அசுவினி குமார் தத்தர் முதலாக வங்கத் தலைவர்கள் ஒன்பதின்மர் மீண்டும் அதே பழைய விதியின்படி விசாரணையின்றிக் கடத்தப்பட்டனர்; அவர் அமைச்சர். 1910இல் அச்சகச் சட்டம் வந்தது. அப்போதும் அவரே அமைச்சர். கடிதத்தில் முணுமுணுப்பும் கோப்பில் கையெழுத்தும் ஆக அவர் காலம் கழிந்தது.

கனடாவுக்கு ஏற்றது இந்தியாவுக்கும் ஏற்றது என்பது, கனடாவின் மயிர்க்கோட்டைத் தக்காணத்து வெயிலில் அணியச் சொல்வதைப் போன்றது என்று 1907இல் அவர் பேசிய பேச்சும் உண்டு. அவையோர் அதனை மிகவும் சுவைத்திருப்பர். தக்காணத்தானுக்குக் கோட்டு வேண்டாதிருக்கலாம். வேறு எந்த உடை வேண்டும் என்று அவனை எவராவது கேட்டார்களா? அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டவர் அவர். அயர்லாந்தில் மட்டும் எந்தத் தட்பவெப்பம் அதற்கு இசைந்ததோ, அறியேம்.

மின்டோ–மார்லிச் சீர்திருத்தம் என்று நாம் பாடம் நடத்துவதும் இவ்வஞ்சலின் விளைச்சலே. 1909ஆம் ஆண்டுச் சட்டம் மைய சட்டமன்றத்தின் கூடுதல் உறுப்பினரை 60 வரை உயர்த்தியது. அவருள் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 27 பேர். பெரும்பான்மை அரசின் கையை விட்டு அகலவில்லை. இந்தியாவில் நாடாளுமன்ற ஆட்சிக்கு இது வழிவகுக்குமாயின் தமக்கு இதில் பங்கே இல்லை என்று 1908 டிசம்பரில் பிரபுக்கள் சபையில் மார்லியே அறிவித்துவிட்டார்.

அச்சட்டத்தில் வேரூன்றிய தனித்தொகுதி முறையின் கதை இன்னும் கசப்பானது. 1906 அக்டோபர் முதல் நாள் ஆகாகான் தலைமையில் முசுலிம் தலைவர்கள் சிம்லாவில் மின்டோவைக் கண்டனர். அவர் வாக்குறுதி அளித்தார். 6 கோடியே 20 இலட்சம் மக்கள் கலகக்காரரோடு சேராதபடி இன்று இழுத்து நிறுத்தப்பட்டனர் என்று மகிழ்ந்து அதிகாரி ஒருவர் எழுதியதை மின்டோவின் மனைவியார் தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். 1934இல் நூலாகவும் வெளியிட்டார். இந்தச் சிக்கலை முதன்முதல் கிளப்பிவிட்டது உம்முடைய பேச்சுத்தான் என்று 1909 டிசம்பரில் மார்லி மின்டோவைக் கடிந்து எழுதினார். அதுவும் தனிக்கடிதமே! அச்சட்டத்தை நிறைவேற்றித் தந்த பிறகு எழுதிய கடிதம். வீட்டுக்குத் தீ வைக்க உடன்பட்டவர், புகையைக் குறித்து நண்பரிடம் குறைப்பட்டுக்கொண்டார் எனலாம்.

வேறொருவராய் இருந்தால் இவ்வளவும் வருந்தியிருக்க மாட்டாரே என்பர். இருக்கலாம். ஆயின் ஒரு மனிதன் சிறையிலிருப்பதும் வெளிவருவதும், கடல்கடந்து வாழும் ஒருவரின் மனம் அன்று எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது என்றால், அதற்கு நீதி என்ற பெயர் பொருந்துமா? நீதிக்கு முகவரி வேண்டும். கேட்கும் செவி வேண்டும். பதில் சொல்லும் கடப்பாடு வேண்டும். மார்லியின் இரக்கத்துக்கு இம்மூன்றும் இல்லை. யாருக்காக இரங்கினாரோ அவருக்கு அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

அதே பத்தாண்டுக் காலத்தில் மற்றொரு கடிதப் போக்குவரத்தும் நடந்தது. விடுதலையாகிச் சென்னையில் வறுமையில் உழன்ற சிதம்பரனார்க்காகத் தென்னாப்பிரிக்கா வாழ் இந்தியர் பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்திருந்தனர். அதன் பொருட்டு 1915இலும் 1916இலும் சிதம்பரனாரும் காந்தியும் பலமுறை எழுதிக்கொண்டனர். ஆண்டவர்களின் கடிதங்களைப் போல அவற்றில் அழகிய சொற்றொடர்கள் மிகுதியாக இல்லை. பணம் எங்கே, எப்போது வரும் என்ற பேச்சே மிகுதி. முடிவில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி அக்கடிதங்களைத் திரட்டித் தமிழில் நூலாக்கியிருக்கிறார். மார்லியின் கடிதத்தை வகுப்பில் எடுத்துக் காட்ட விரும்பும் ஆசிரியர், அந்நூலையும் மேசை மீது எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் மாணவரிடம் ஒருங்கே கொடுக்கட்டும்.