யார் குற்றம்?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

எங்கள் தெருவில் ஒரு தாய். அத்தை மகனை மணந்தவர். பிறந்த குழந்தைகள் இருவருக்கும் தலசீமியா. குருதி ஏற்றுவதற்காக மாதந்தோறும் மருத்துவமனைக்கு நடையாய் நடந்தார். ஊரார் இரக்கப்பட்டனர், அத்தையோ, "இவள் வயிறு சரியில்லை" என்றார். மருத்துவமனையில் குருதி கிடைத்தது. அந்தச் சொல்லை மறுக்கத்தான் அங்கே ஒருவரும் இல்லை.

மறுத்திருக்க வேண்டியவரே மரபியல் ஆலோசகர்.

அவர் பணி யாது? மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றைக் கேட்டுக் குடிவழிப் படம் வரைவார். நோயின் இயல்பை எளிய தமிழில் விளக்குவார். பழுதுற்ற மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகச் சேர்ந்தால்தான் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வரும். ஒன்றை மட்டும் சுமப்பவர் பொதுவாக நலமாகவே இருப்பார். பெற்றோர் இருவரும் சுமப்பவராயின், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. முதற்குழந்தை நோயுடன் பிறந்ததால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது தவறான கணக்கு. அவ்வாறிருக்க, தாய் மட்டுமே காரணம் என்பதற்கு இடமேது? பழி சொன்ன அத்தையின் உடலிலும் அதே மரபணு ஒளிந்திருக்கலாம். அதுவும் அவர் குற்றமன்று!

"அப்படியானால் உறவுத் திருமணத்தையே சட்டத்தால் தடுத்துவிடலாமே" என்பர் சிலர். நான் உடன்படேன். அத்தை மகனும் மாமன் மகளும் தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகப் பெற்றிருப்பதால் ஆபத்து மிகுவது உண்மை. ஆயினும் அத்தகைய தம்பதியருள் பெரும்பாலோர்க்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன. மேலும், மரபின் பெயரால் அரசு ஆணையிட்டால் என்ன நேரும் என்பதை 1933-இல் ஜெர்மனி இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம் உலகுக்குக் காட்டிவிட்டது. அதன் பின்னர் 1947-இல் அமெரிக்க அறிஞர் ஷெல்டன் ரீட் இப்பணிக்கு மரபியல் ஆலோசனை எனப் பெயரிட்டார். ஆணையன்று, ஆலோசனை! திருமணத்துக்கு முன் செய்யத்தக்க குருதிச் சோதனை, கருவுற்றபின் செய்யத்தக்க சோதனை என வழிகளைக் காட்டுவது அவர் கடமை. முடிவெடுப்பது தம்பதியரின் உரிமை.

1969-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரி இதற்கென மேற்படிப்பைத் தொடங்கியது. நம் நாட்டிலும் பயிற்சி பெற்றோர் உள்ளனர். ஆனால், அரசு மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் ஏழைத் தாய்மார் பலருக்கு அவர்கள் எட்டாக் கனியே!

மெண்டலின் பட்டாணிச் செடியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நண்பர்களே! நாம் நோட்டில் எழுதும் அந்த 'நான்கில் ஒன்று' தெருவில் ஒரு தாயின் கண்ணீராய் நிற்கிறது. மாவட்ட மருத்துவமனைதோறும் ஓர் ஆலோசகரை அமர்த்த அரசு முன்வரட்டும். அப்பணியைக் கற்க நாம் முன்வருவோம். "இது உன் குற்றமன்று, அம்மா" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?