பூவேலைக்கு முன் அடிமுத்திரை

அடுத்த இதழிலிருந்து ஒரு நிபந்தனை வைக்கிறோம். பீரங்கிக் குண்டின் வெற்றுறையில் செய்த பூச்சாடியோ, சாம்பல் கிண்ணமோ, உணவு மேசை மணியோ, எதுவானாலும் அதன் அடிப்பக்கத்தைத் தெளிவாகக் காட்டும் படம் இல்லாமல் வந்தால் வெளியிட மாட்டோம். வேலைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சரி. சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் நமக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை ஓக் இலையையும் லில்லிப் பூவையும் மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. அந்த உறை எங்கே, எப்போது, எதற்காகப் பிறந்தது என்று சொல்லும் ஒரே பக்கம் மேசையைப் பார்த்துக் கிடக்கிறது.

முதல் உலகப் போரின் டிரெஞ்ச் ஆர்ட்டில், அதாவது போர் உதிரிகளில் செய்த கைவினைப் பொருட்களில், நம் கைக்கு மிகுதியாக வருவது பிரெஞ்சு 75 மி.மீ. களப்பீரங்கியின் உறை. பீரங்கி 1897-ஆம் ஆண்டு மாதிரி. உறையின் முழு நீளம் 350 மி.மீ.; சாடியாக்கும்போது வாயை வெட்டியோ இடுப்பை ஒடுக்கியோ இருப்பார்கள் என்பதால் உயரம் குறைந்திருக்கும். அதைப் புரட்டிப் பாருங்கள். நடுவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர். அதில் சுடும் ஊசி அடித்த பள்ளம் இருக்கிறதா? சுற்றிலும் களப்பீரங்கி உறை என்பதற்கான '75 டெ சே' என்ற குறி, தயாரித்த இடத்தின் சுருக்கெழுத்து, தொகுதி எண், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். ஜெர்மானிய 77 மி.மீ. உறையானால் மாதமும் ஆண்டும் சேர்ந்தே இருக்கும். மாக்டெபுர்க் நகரின் போல்ட்டே ஆலை, கார்ல்ஸ்ரூ தோட்டா ஆலை போன்ற பெயர்கள் முழுதாகவே பொறிக்கப்பட்டிருக்கும். கடற்தடையால் செம்பு கிடைக்காமல் திண்டாடிய ஜெர்மனி போரின் பிற்பகுதியில் எஃகு உறைகளுக்கும் இறங்கி வந்தது. ஆகவே ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. அடியில் உள்ள ஆண்டு உறை தயாரித்த ஆண்டு. பூ வெட்டிய ஆண்டு அல்ல. 1915 என்று முத்திரையிட்ட உறையில் 'வெர்டன் 1916' என்று பொறித்திருந்தால் இயல்பு. 1917 முத்திரை உள்ள உறையில் 'சோம் 1916' என்றிருந்தால்? உடனே போலி என்று தள்ளிவிட வேண்டாம். சோமில் போரிட்டவரோ, அங்கே மகனை இழந்தவரோ பின்னாளில் கேட்டு வாங்கிய நினைவுப்பொருளாக இருக்கலாம். அதுவும் உண்மையான பொருள்தான். ஆனால் '1916-இல் அகழிக்குள் செய்தது' என்று அதற்கு விவரச்சீட்டு எழுதினால் அது பொய். இந்த வேறுபாட்டைச் சொல்ல அடிமுத்திரையை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

முன்வரிசை அகழியில், சேற்றில் முழங்கால்வரை நின்றுகொண்டு யாரும் பித்தளையைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை. சத்தம் கேட்டால் எதிரி சுடுவான். பெரும்பாலானவை பின்வரிசைப் பட்டறைகளில், பொறியாளர் படைப்பிரிவுகளில், கொல்லுவேலை தெரிந்த சிப்பாய்களின் கையில் உருவானவை. போர்க்கைதிகள் செய்தார்கள். பிரிட்டனும் பிரான்சும் அழைத்துவந்த சுமார் 1,40,000 சீனத் தொழிலாளர்களில் பலர் செய்தார்கள். டிராகனும் மூங்கிலும் செதுக்கிய உறைகள் பல அவர்களுடையவை. போர் முடிந்ததும் இடிந்த ஊருக்குத் திரும்பிய பெல்ஜிய, பிரெஞ்சு மக்கள், கல்லறை தேடி வந்த குடும்பங்களுக்கு விற்பதற்காக 1920-களிலும் 30-களிலும் செய்துகொண்டே இருந்தார்கள். இதையெல்லாம் முறையாக வகைப்படுத்தி ஆராய்ச்சித் துறையாகவே வளர்த்தவர் மானிடவியலாளர் நிக்கலஸ் சாண்டர்ஸ். அவர் வகைப்பாட்டின் அடிப்படைக் கேள்வி செய்தவர் யார் என்பது. நம் ஏலப் பட்டியல்கள் இன்னமும் எத்தனை அங்குலம் என்பதிலேயே நிற்பது வருத்தம் தருகிறது.

இப்போது, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன்: துலக்குவது.

தோட்டா உறைக்கான பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். வேலை செய்பவர் உறைக்குள் கீலோ ஈயமோ ஈரமணலோ நிரப்பி, நகை ஆசாரி அரக்கில் பதித்துச் சித்திரம் வெட்டுவதுபோல வெளியிலிருந்து ஆணியாலும் உளியாலும் தட்டுவார். தட்டத்தட்ட உலோகம் இறுகும். இடையிடையே சூடேற்றி ஆறவிட்டால் இளகும். பொறுமையுள்ளவர் அப்படிச் செய்தார். அவசரத்தில் இருந்தவர் செய்யவில்லை. சூடேற்றாத உறையில், குறிப்பாக இடுப்பை முறுக்கி வரிவரியாக ஒடுக்கிய இடத்தில், இழுவிசை நூறாண்டாக அப்படியே அடைபட்டிருக்கிறது.

அதன்மேல் அமோனியா கலந்த பாலிஷைத் தேய்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலம் வந்ததும் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவத்தோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், ஈரமும், உலோகத்தில் அடைபட்டிருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்கள். அதே உலோகம், அதே ஈரக்காற்று. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடலோரத்தில் வசித்துக்கொண்டு, பண்டிகைக்கு முன்னால் அமோனியா பாலிஷ் போட்டுப் பளபளக்க வைக்கும் நண்பர்கள் கழுத்துப் பகுதியை ஒரு முறை பூதக்கண்ணாடியால் பார்க்கட்டும். நீளவாக்கில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் அது கீறல் அல்ல, விரிசல்.

புளி போட்டு விளக்குவதும் கூடாது. குத்துவிளக்குக்கு அது சரி. வாராவாரம் துலக்கி, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். புளியின் அமிலம் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்துவிட்டு இளஞ்சிவப்பாகச் செம்பை விட்டுவைக்கும். ஒவ்வொரு துலக்கலிலும் உளியின் கூர்விளிம்பு மழுங்கும், அடிமுத்திரையின் எழுத்து ஆழம் குறையும். பச்சைக்களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து பரவினால் மட்டும் காப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றபடி உலர்ந்த பருத்தித் துணி போதும்.

விமானப் பாகங்களில் ஏமாற இன்னும் அதிக வழி உண்டு. மரப் புரொப்பெல்லரின் நடுக்குடத்தில் கடிகாரம் பொருத்தியவற்றை, சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்தில் இருந்து எடுத்ததாகச் சொல்லி விற்கிறார்கள். போர் முடிந்தபோது மலைபோல் மிஞ்சிய உதிரிகளை வாங்கி விற்கவே 1920-இல் பிரிட்டனில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. வானமே ஏறாத புரொப்பெல்லர்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. குடத்தில் குதிரைத்திறன், விட்டம், வரைபட எண் எல்லாம் அச்சாகியிருக்கும். போல்ட் இறுக்கிய தழும்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, 1916 செப்டம்பர் 3 அதிகாலையில் பிரிட்டிஷ் விமானி லீஃப் ராபின்சன் இங்கிலாந்தின் கஃப்லியில் வீழ்த்திய ஜெர்மானிய வான்கப்பல். பத்திரிகைகள் அதைச் செப்பலின் என்றே எழுதின. உண்மையில் அது எஸ்.எல். 11, ஷூட்டே-லான்ஸ் ஆலையின் கப்பல். அதன் எலும்புக்கூடு மரம். அதன் கம்பித் துண்டுகளைச் செஞ்சிலுவைச் சங்கம் காயமுற்ற வீரர்களுக்காக விற்றது, அவை மெய்யானவை. ஆனால் 'கஃப்லி செப்பலின்' என்று எழுதிய டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைச் சட்டத் துண்டு யாராவது நீட்டினால், அது அந்தக் கப்பலின் சட்டமாக இருக்க முடியாது. அதே மாதம் 24-ஆம் தேதி லிட்டில் விக்பரோவில் இறங்கிய எல் 33 என்ற செப்பலின் டியூராலுமின் சட்டம் கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் கண்ணாடித் துண்டை அறுத்து, இழைத்து, காதலிக்கு மோதிரமும் இதயப் பதக்கமும் செய்தார்கள். அவற்றை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். ஆல்கஹால் பட்டால் உள்ளே வலைவலையாக வெடிப்பு ஓடும், திரும்பச் சரியாகாது.

ஃப்யூஸ் பொருத்திய குண்டுத் தலையோ, அடிக்காத பிரைமரோ கைக்கு வந்தால் திருக வேண்டாம், சுத்தம் செய்ய வேண்டாம், காவல்துறைக்குச் சொல்லுங்கள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 2014-இல் முதல் உலகப் போர்க் குண்டு ஒன்று வெடித்துக் கட்டடத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள்.

இந்தக் கைவினை இன்றும் தொடரும் ஓர் இடம் உண்டு. லாவோஸின் சியாங் குவாங் மாநிலத்தில் பான் நாப்பியா என்று ஒரு கிராமம். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டிய நாடு லாவோஸ். விழுந்த சிறுகுண்டுகளில் கோடிக்கணக்கானவை வெடிக்காமல் மண்ணிலேயே தங்கிவிட்டன. பான் நாப்பியா மக்கள் குண்டு உதிரிகளின், விமான உதிரிகளின் அலுமினியத்தை மண் உலையில் உருக்கி, மரமும் சாம்பலும் கொண்ட அச்சில் ஊற்றிக் கரண்டி செய்கிறார்கள். முதலில் தங்கள் ஊர்ச் சந்தைக்குத்தான் செய்தார்கள். இப்போது வளையலும் சாவிக்கொத்தும் பயணிகளுக்காக. அந்தக் கரண்டியின் கைப்பிடியில் அச்சு இரண்டாகச் சேர்ந்த கோடு தெரியும். அதை யாரும் தேய்த்து மழுப்ப வேண்டாம். பழைய இரும்பு தேடி மண்ணைக் கிளறியவர்கள் அங்கே உடல் சிதறியிருக்கிறார்கள் என்பதால், உதிரியாகக் கிடைக்கும் குண்டுத் துண்டுகளைப் பயணிகள் விலைபேசுவதை இந்த இதழ் ஏற்காது. உருக்கிச் செய்த பொருளைச் செய்தவரிடமே வாங்குங்கள்.

வாங்கும்போது, அவர் இசைந்தால், அவர் பெயரையும் ஆண்டையும் உலோகம் எதிலிருந்து வந்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1916-இல் ஓக் இலை வெட்டியவர்களில் பலர் யாரென்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. இவர்களிடம் இன்றே கேட்டுவிடலாம். அந்தக் குறிப்புடன் வரும் பொருட்களுக்கு அடுத்த இதழில் 4 பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.